டிரெய்லர் லாரி ஓட்டும் ரேவதிக்குப் பொன்னாடை

இந்த விழாவுக்குத் தலைமை தாங்குகிறவரும், எங்கள் குடும்பத்தின் எந்த நல்லது கெட்டதிலும் தலைமை தாங்காமல் இருக்க முடியாதவரும், முசரவாக்கத்தின் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவருமான என் பெரியப்பா குப்புசாமி அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, மேடையில் நாற்காலி கிடைக்காமல் முதல் வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் மற்றப் பெரியோர்களே, கனரக வாகனப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்திருக்கும் அர்ஜுனன் மாஸ்டர் அவர்களே, கேசரி எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அருமைத் தாய்மார்களே, செவிலிமேட்டின் இந்தக் கல்யாண மண்டபத்தில் கூடியிருக்கும் உங்கள் அத்தனை பேருக்கும் தணிகாசலத்தின் தலை தாழ்ந்த வணக்கம்.

விழா நாயகி, என் மனைவி ரேவதி, இன்னும் வரவில்லை. அலங்காரத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். பெரியப்பா என் காதில், "மருமவ வர்ற வரிக்கும் நீ பேசிக்கினே இருப்பா" என்றார். அன்பர்களே, இருபது ஆண்டுகளாக நான் ஏறாத மேடையில்லை, முழங்காத முச்சந்தியில்லை. ஏறிய மேடையிலெல்லாம் "போதும், எறங்குபா" என்றுதான் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பேசிக்கொண்டே இரு என்று என்னிடம் சொன்ன முதல் தலைவர் என் பெரியப்பா ஒருவர்தான். அவர் வாக்கை நான் தட்டமாட்டேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? ரேவதி டிரெய்லர் லாரி ஓட்ட உரிமம் வாங்கிவிட்டாள். அதற்குப் பாராட்டு. ஒரகடத்தில் ஒரு கம்பெனி, புனேவுக்குச் சரக்கு ஓட்டிப் போக அவளை வேலைக்கு அழைத்திருக்கிறது. அந்த வேலைக்குப் போகமாட்டேன் என்று அவள் வாயாலேயே இந்த மைக்கில் சொல்ல வேண்டும் என்பது குடும்பப் பெரியவர்களின் தீர்மானம். அதற்கும் பாராட்டு. ஓட்டக் கற்றுக்கொண்டதற்குப் பொன்னாடை. ஓட்டாமல் இருக்கப்போவதற்குச் சின்ன காஞ்சிபுரத்துத் தறியில் நெய்த அசல் பட்டுப்புடவை. பொன்னாடையைவிடப் புடவைதான் கனமாக இருக்கிறது, நான் தூக்கிப் பார்த்தேன்.

இவள் யார்? நான் மேடை மேடையாக ஏறிப் பெண் விடுதலை பேசிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் நெல் மூட்டைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு தனியாகக் களத்துக்கும் கடைத்தெருவுக்கும் அலைந்தவள். நான் விடுதலை பேசினேன், அவள் டீசல் போட்டாள். ஒருநாள் இரவுச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "ஏங்க, நம்ம வூட்டாண்ட இருந்து பாத்தா பெங்களூர் ரோடு தெரியுது. கட்டிக்கினு வந்ததுலருந்து அதுல வண்டி போறதப் பாத்துக்கினே இருக்குறேன். ஒரு தபா அது எங்க போய் முடியுதுன்னு நானே ஓட்டிக்கினு போய்ப் பாக்கணும்." இதுதான், அன்பர்களே, அவள் கேட்டது. நகை கேட்டாளா? நிலம் கேட்டாளா? ஒரு சாலையின் மறுமுனையைக் கேட்டாள்.

துணைக்கு நானும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே அர்ஜுனன் மாஸ்டர் சொன்ன முதல் பாடத்திலேயே என் பகுத்தறிவு ஆட்டம் கண்டது. டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது அதன் வால் வலப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டுமாம். இடப்பக்கம் போக வேண்டுமானால் வலப்பக்கமாம். நான் விடுவேனா? இது என்ன நியாயம், எந்த நாட்டு நீதி என்று கேபினில் உட்கார்ந்தபடியே கேள்விக்கணைகளைத் தொடுத்தேன். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, வண்டி சுவத்துல ஏறிக்கினு இருக்குது, மொதல்ல பிரேக்க மிதி" என்றார்.

அங்கே ஒரு அக்கா கேட்கிறார், "நீ பாஸாயிட்டியாபா?" இல்லை அக்கா. தத்துவத்தில் தேறினேன், தடத்தில் தவறினேன். கைதட்ட வேண்டாம், மாஸ்டர் ஏற்கெனவே என் தலையில் தட்டிவிட்டார்.

ரேவதியின் முதல் தேர்வு நாளுக்கு வாருங்கள். குடும்பமே வேன் பிடித்துக்கொண்டு போனோம். டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைக்கத் தொடங்கிய என் தாயார் பூவம்மாள், பாதி வண்டி வருவதற்குள் பழம் தீர்ந்துபோய், "இன்னாடா இது, மரவட்டைக்குக் காலு மாதிரி டயரு" என்று உட்கார்ந்துவிட்டார். மீதி டயர்களுக்குத் திருநீறு போட்டோம்.

அடுத்து வந்தது வண்டியைப் பின்னால் எடுக்கும் சோதனை. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? எந்தத் தெருவில் எந்த வண்டி பின்னால் வந்தாலும் போகிற வருகிறவர் பத்துப் பேர் நின்று கையாட்டாமல் போவோமா? அது நம் மண்ணின் மரபு, நம் மக்களின் மாண்பு. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலப்பக்கம் நின்று, "வா வா வா, ரைட்ல ஒடிம்மா" என்றார். இடப்பக்கத்திலிருந்து சித்தப்பா லெப்ட் என்றார். அம்மா, "பாத்து, பாத்து" என்றார். மைக் இல்லாமலேயே என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. ரேவதி யார்? மாமனார் வரிசையில் யார் பேசினாலும் மறுபேச்சு பேசாத மருமகள். அத்தனை பேர் சொன்னதையும் மரியாதையாகச் செய்தாள். ரைட் என்றவருக்கு ரைட், லெப்ட் என்றவருக்கு லெப்ட். முழங்கை மடங்குவதுபோல முன்வண்டியும் பின்வண்டியும் மடங்கி, மைதானத்துக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றன. தேர்வு வைத்த வாகன ஆய்வாளர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

வழிகாட்டிய நாங்கள் என்ன செய்தோம்? புளிச்சோறு தின்றோம். "பொம்பள கையில பெரிய வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்" என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு வேனில் ஏறினோம். அவள் மட்டும் சோறு தொடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

இரண்டாம் முறை யாரிடமும் சொல்லாமல் போனாள். ஆனாலும் மைதானத்தில் டீ குடிக்க வந்தவர்கள் கையாட்டத்தான் செய்தார்கள். இவள் இரண்டு பக்கக் கதவுக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டாள். பின்வண்டி, போட்ட கோட்டுக்குள் பூனை மாதிரி வந்து நின்றது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "பெரியவங்க சொன்னா தட்ட மனசு வராது. அதான் காதுல வுழாம பண்ணிக்கினேன்."

அன்றோடு அடங்கியதா நம் கையாட்டல்? புனே வேலை வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அதே காட்சி. தையல் மிஷின் வாங்கிக்கோ என்று ஒரு கை. பெண்களுக்கு ஸ்கூட்டி கற்றுக்கொடு என்று ஒரு கை. ராத்திரியில் எங்கே தூங்குவாய், எவன் துணை என்று பத்துக் கை. அவை கெட்ட கேள்விகளா? இல்லை. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் பயம் என்னுடையது, உரிமம் அவளுடையது. என் பயத்துக்கு அவள் ஏன் வண்டியை நிறுத்த வேண்டும்? நம் நிம்மதிக்கு அவள் ஏன் இந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொள்ள வேண்டும்? யார் வண்டி, யார் சாலை, யார் கை ஸ்டியரிங்கில் இருக்கிறது?

பெரியப்பா எழுந்து கேட்கிறார், "எங்கடா அவ?" சொல்கிறேன் பெரியப்பா. ஒரு நிமிடம் பொறுங்கள், போன் வருகிறது. மேடையில் போன் எடுப்பது மரபல்ல, மன்னிக்க வேண்டும். சொல்லும்மா. சரி. சரிம்மா. சாப்ட்டியா? சரி.

அன்பர்களே, பேசியது ரேவதி. அவள் அலங்காரத்துக்குப் போகவில்லை. இங்கே கடவுள் வாழ்த்துப் பாடும்போதுதான் ஒரகடத்துச் சரக்கோடு நம் ஊர் பைபாசைக் கடந்தாள். யாராவது கார் எடுத்துத் துரத்திப்போய்க் குறுக்கே நின்று கையாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் உங்கள் அத்தனை பேரையும் இந்த நாற்காலிகளில் நான் இவ்வளவு நேரம் கட்டிப்போட்டேன். என் வாழ்நாளில் நான் பேசியதில் ஒரு பெண்ணுக்கு உபயோகப்பட்ட பேச்சு இது ஒன்றுதான்.

உட்காருங்கள் பெரியப்பா. இப்போது கார் எடுத்துப் பயனில்லை. அவள் என்னிடம் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லி விடைபெறுகிறேன்: "வாலாஜா டோல்கேட் தாண்டிட்டேன். நீங்க முடிச்சிக்கலாம்."

முடித்துக்கொள்கிறேன். உட்கார்ந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. போய்க்கொண்டிருக்கிற என் மனைவிக்கு என் வணக்கம்.