ஆவுடை வைத்த கங்கு

தீப்பெட்டி ஊருக்குள் வராத காலத்தில், ஈச்சங்காட்டில் ஆவுடை என்று ஒருத்தி இருந்தாளாம். அப்போதெல்லாம் ஒரு வீட்டு அடுப்பு அணைந்தால் அடுத்த வீட்டில்தான் நெருப்புக் கங்கு வாங்கணுமாம்.

ஆவுடைக்கும் பக்கத்து வீட்டு மாடத்திக்கும் பேச்சே கிடையாது. கோழி மேய்ந்ததில் வந்த கோழிச் சண்டை. இவள் மண்ணை வாரித் தூற்ற, அவளும் தூற்ற, அதோடு சரி.

அந்த மாடத்தியின் புருசன், ஊர்ப்பெரியவர் கொம்பையா காலில் விழ மாட்டேன் என்று நிமிர்ந்து நின்றுவிட்டானாம். விடுவாரா அவர்? “அவன் வீட்டுக்கு நெருப்பு கிடையாது, தண்ணி கிடையாது. குடுக்கிறவளுக்கும் அதே கதி” என்று தமுக்கடித்துவிட்டார். அதுவோ அடைமழைக் காலம். மாடத்தி வீட்டில் பச்சப்பிள்ளை. கூரையில் புகையே இல்லை.

ஆவுடை பார்த்தாள். தேங்காய்ச் சிரட்டையில் சாம்பலைப் போட்டாள், மேலே கங்கை வைத்தாள், முறத்தைக் குடையாகப் பிடித்தாள். ஊரே பார்க்க நடந்துபோய் மாடத்தி வாசலில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாளாம்.

கொம்பையா மறித்தார். “ஏட்டி, அவ ஒனக்கு என்ன ஒறவு?”

“ஒறவா? அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

“பெறவு என்னத்துக்குக் குடுக்க? என்ன கெடைக்கும்?”

“என் அடுப்புல கங்கு கெடக்கு. அவ அடுப்புல இல்ல. வழிய விடும்.”

“ஒன் வீட்டையும் தள்ளி வச்சாச்சு, போ!”

“வானமே தண்ணி ஊத்துது. அதையும் தமுக்கடிச்சு நிறுத்தும் பாப்போம்!”

இனி அடுப்பு அணைந்தால் கங்கு தர ஆளில்லையே? அதனால் கங்குச் சட்டியைப் பரணில் ஏற்றிப் பொத்திப் பொத்திக் காத்தாளாம்.

ஒருநாள் குளம் உடைந்தது. வெள்ளம் வீட்டுக்கு வீடு புகுந்தது. வடிந்த பிறகு பார்த்தால், ஊரில் ஒரு அடுப்பிலும் நெருப்பில்லை. ஆவுடை பரணில் மட்டும் இருந்ததாம்.

பெண்கள் ஓடி வந்தார்கள். “இதான் சமயம்க்கா. ஊர்விலக்க நீக்கச் சொல்லு, பெறவு குடு.”

“கேட்டு வாங்கிக்கிட்டுக் குடுத்தா யாவாரம்ளா அது. நான் என்ன கடையா வச்சிருக்கேன்?”

வீட்டுக்கு வீடு சிரட்டை வைத்தாள். கடைசியில் கொம்பையா வாசல். “ஆத்தா...” என்று அவர் வாயெடுத்தாராம். இவள் திரும்பிப் பார்த்தால்தானே! அந்த விலக்கைக் கடைசிவரை யாரும் நீக்கவில்லையாம். மதிக்கத்தான் ஆளில்லை.

மாடத்தியும் ஆவுடையும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை என்பார்கள். கோழிச் சண்டை கோழிச் சண்டைதான்!

இன்றைக்கும் கார்த்திகையன்று ஈச்சங்காட்டுப் பெண்கள் முதல் விளக்கைத் தங்கள் வீட்டில் வைப்பதில்லை. தங்களோடு பேச்சில்லாத வீட்டு வாசலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருகிறார்கள். யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் ஆவுடைக்குக் கோபம் வருமாம்.