மஞ்சள் குருணை

அக்கா: ...மென்னு முழுங்காம சொல்லு, ஆமை. நாளைக்கு எனக்கு ஆபரேஷன் இல்லைன்னா என்ன அர்த்தம்? முத்திப்போச்சா?

தங்கை: முழுசாத்தான் கேளேன். உனக்குக் கேன்சரே இல்ல.

அக்கா: வயித்துல எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி இருக்குன்னாங்களே...

தங்கை: கட்டி இருக்கு. அது கிருமியால வந்த கட்டி. லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது. ஸ்கேன்ல பாத்தா அச்சு அசல் கேன்சர் மாதிரியே வேஷம் போடும்.

அக்கா: எனக்கு எப்படிடி வந்துச்சு?

தங்கை: சின்னவன் பொறந்தப்ப காப்பர் டி போட்டுக்கிட்டியே... எப்ப எடுத்த?

அக்கா: அது... எடுக்கணுமா?

தங்கை: அவனுக்கு மீசையே முளைச்சிருச்சு. அத்தனை வருஷம் உள்ளயே கிடந்ததாலதான் கிருமி தொத்தியிருக்கு.

அக்கா: சிரிக்க வைக்காத, வலிக்குது... மறந்தே போச்சுடி. அப்போ கர்ப்பப்பை?

தங்கை: அது உன்கிட்டயே இருக்கும். ஊசி போடுவாங்க, அப்புறம் மாசக்கணக்குல மாத்திரை. கட்டி கரைஞ்சிரும்.

அக்கா: யாரு கண்டுபிடிச்சா?

தங்கை: லேப்ல... யாரோ.

அக்கா: நீயும் அங்கதானே வேலை பாக்குற? யாருன்னு தெரியாதா?

தங்கை: பத்து பேர் இருக்கோம்க்கா... உன் கட்டியிலேர்ந்து எடுத்த சீழுல மஞ்சளா குருணை மாதிரி நாலஞ்சு கிடந்துச்சாம். அழுக்குன்னு தூக்கிப் போடாம, ஒவ்வொண்ணா பொறுக்கிப் பெரிய டாக்டர்கிட்ட கொடுத்திருக்காங்க. அந்தக் குருணைதான் அந்தக் கிருமியோட கூடு.

அக்கா: என்னோடதுன்னு தெரிஞ்சுதான் பாத்தாங்களா?

தங்கை: டப்பாவுல பேரே இருக்காது. நம்பர்தான்.

அக்கா: ரொம்ப நிதானமான ஆளு போல.

தங்கை: ம்... கொஞ்சம் மெதுவான ஆளுதான்.

அக்கா: அரிசியில கல்லு பொறுக்கச் சொன்னா, உலை கொதிச்சு அடங்கினப்புறம் முறத்தோட வந்து நிப்பாளே ஒருத்தி... அவ்வளவு மெதுவா?

தங்கை: இரு, போர்வை நழுவுது, சரி பண்றேன்.

அக்கா: சொல்லுடி.

தங்கை: நான்தான்க்கா. அக்காவோடதுங்கறதால உத்துப் பாத்தேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான்... சத்தியமா எனக்குத் தெரியாது. எல்லா டப்பாவையும் அப்படித்தான் பாப்பேன்.

அக்கா: தெரியும். காலையிலயே பெரிய டாக்டர் வந்து சொல்லிட்டார். இந்த வார்டுல பதினாறு கட்டில், மத்த பதினஞ்சு பேர்கிட்டயும் 'என் தங்கச்சி'ன்னு சொல்லியாச்சு. உன் வாயால ஒரு தடவை கேக்கணும்னுதான் ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்திருந்தேன்.