கம்பியை வேகவைத்த வெள்ளிக்கிழமை

— மெதுவாப் பேசு அம்சவேணி, லிஃப்ட் வரைக்கும் கேக்கறது!

— கேக்கட்டுமுங்க மாமி! உங்கூட்டுச் சத்தம் மூணாவது மாடிக்கு எறங்கி வாரப்ப, என்ர சத்தம் லிஃப்ட் வரைக்கும் போனா என்ன கெட்டுப்போச்சு? காலைல ஆறு மணிக்குப் பாத்திர ஸ்டாண்டு கிடுகிடுன்னு ஆடுதுங்க. டம்ளருக எல்லாம் தானா நவுந்து வந்து ஓரத்துல நிக்குது. பூகம்பம்னு நெனச்சு எங்கூட்டுக்காரரை வெறும் பனியனோட கீழ பார்க்குல கொண்டுபோய் நிறுத்தீட்டேன். கிட்வாய் நகரே வேடிக்கை பாத்துச்சு!

— அதுக்கு நான் என்ன பண்றது? எங்காத்துல ஆறு மணிக்கு யாரும் எதையும் தொடலை. அச்சுதன் ஆபீஸ் வேலையா சண்டிகர் போறான். ஏழே முக்கால் ரயிலுக்குப் பறந்துண்டிருந்தான்.

— உங்க பையன் தொடலீன்னா வேற யாருங்க தொட்டது? நமக்கெதுக்குங்க அடுத்தவீட்டுக் கதை, இருந்தாலும் கேக்கறேன். அட, இதா கிட்டாரைச் சோபாவுலயே படுக்க வெச்சிருக்கீங்க! இதென்னங்க மாமி, கம்பியெல்லாம் தொளதொளன்னு கெடக்குது? மேலெல்லாம் எண்ணெய் வழியுது?

— அது... பகவானே. சரி, உன்கிட்டச் சொல்றதுக்கென்ன. நான்தான் தடவினேன்.

— எண்ணெயா?

— தேங்காயெண்ணெய். எங்க மன்னி வீணைக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தந்தியைத் தளர்த்திட்டு, கட்டைக்கு எண்ணெய் தடவித் துடைப்பா. நாளைக்கு இவன் வாசிக்கப் போறானே, பளபளன்னு இருக்கட்டுமேன்னு...

— கரண்டு கிட்டாருக்குத் தேங்காயெண்ணெயா! ஐயோ மாமி! வயித்தைப் புடிச்சுக்கறேன், சிரிப்புத் தாங்கல.

— சிரிக்காதே.

— சித்தெ இருங்க. மீதி ரெண்டு கம்பி எங்கீங்க? கிட்டாருன்னா ஆறு இருக்கோணுமே. வழுக்கி உளுந்துருச்சா?

— இது பேஸ் கிட்டார். இதுக்கு நாலுதான். வாங்கிண்டு வந்த அன்னிக்கு எங்காத்து மாமாவும் இப்படித்தான். "செகண்ட் ஹேண்டுங்கறதுக்காக ரெண்டு கம்பியை உருவிண்டு தரதா?"ன்னு கடைக்குச் சண்டைக்கே கிளம்பிட்டார். அச்சுதன் வாசல்ல நின்னு மறிச்சான்.

— தொட்டாச் சத்தத்தையே காணமே? இத்தனை பெரிய ஒடம்பு, கொசு மாதிரி முனகுது. இதா என்ர டம்ளரை நவுத்துச்சு?

— ஓரத்துல அந்தக் கறுப்புப் பொட்டி இருக்கு பார், ஆம்ப். அதுல சொருகினாத்தான் சத்தம். நீ தொடாதே! இங்க பார் அம்சவேணி, நாளைக்குச் சாயங்காலம் அந்தப் பேண்டுக்காரா இவன் வாசிக்கறதைக் கேக்கப் போறா. பிடிச்சுதுன்னா சேர்த்துப்பா. டிசம்பர்லேர்ந்து மூணு மாசம் ஊர் ஊராக் கச்சேரி. ஆபீஸ்ல லீவுகூட எழுதி வெச்சுட்டான். இன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் வந்துடுவான். அதுக்குள்ள இது பழையபடி ஆகணும்.

— ஆகலீன்னா?

— ஆகலேன்னா அவன் போகமாட்டான். அவ்வளவுதான். அதான் கிட்டார் உறைக்குள்ள இருந்த கார்டைப் பார்த்து ரிப்பேர்காராளுக்குப் போன் பண்ணினேன். இதோ, பெல் அடிக்கறது. நீ கொஞ்சம் கீழே போறியா?

— போறனுங்க, போறனுங்க. யாரு வாராங்கன்னு பாத்துட்டுப் போறேன்.

— நமஸ்தே ஆண்ட்டி. நான் ஸ்வப்னா. பேஸ் ரிப்பேர்? காலைல நீங்கதானே போன் பண்ணீங்க?

— வாம்மா, வா. தமிழா நீ?

— ஆமா ஆண்ட்டி. ஆனா பொறந்தது இங்க ஆர்.கே.புரம், ஹிந்திதான் வரும், மத்லப், அதாவது என் தமிழ் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். ஷூ இங்க விடட்டுமா?

— நான் ரிப்பேர்காரருன்னா ஒரு சர்தார்ஜி வருவாருன்னு இருந்தேன். பொம்பளப் புள்ளை! கல்யாணம் ஆயிருச்சா கண்ணு?

— இவா கீழாத்து மாமி. கிளம்பிண்டிருக்கா.

— சித்தெ கழிச்சுப் போறனுங்க.

— பேஸ் எங்க... அரே பாப் ரே. ஆண்ட்டி, இது என்ன? கோகோனட்?

— ஐ.என்.ஏ. மார்க்கெட்ல வாங்கின அசல் செக்கெண்ணெய்மா.

— வாசனை நல்லா இருக்கு. ஸ்ட்ரிங்ஸ் மட்டும் காலி. சுருள் சுருளா இருக்குல்ல, அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் ஆவாஸே, சத்தமே வராது, கட்டையை அடிச்ச மாதிரி இருக்கும். இன்னிக்கு என்கிட்ட புது செட்டும் இல்லை. கோயி பாத் நஹீ, பரவாயில்லை. பெரிய பாத்திரம் இருக்கா? தண்ணி கொதிக்க வைங்க.

— எதுக்கு?

— ஸ்ட்ரிங்ஸைக் கழட்டிப் போட்டு பாயில் பண்ணணும்.

— கம்பியையா வேகவெக்கறது! உப்புப் போடோணுங்களா?

— நமக் வேண்டாம் ஆண்ட்டி. வெறும் தண்ணி, பத்து நிமிஷம். எண்ணெய், வியர்வை, அழுக்கு எல்லாம் வெளிய வந்துடும். காசில்லாத பேஸ்காரங்க எல்லாரும் பண்றதுதான்.

— சாம்பார் வெக்கற பாத்திரம் வேண்டாம். கோதுமை அலம்பற அலுமினிய குண்டான் இருக்கு, தரேன். பகவானே, எங்காத்து அடுப்புல இதெல்லாம் பார்க்கணும்னு இருக்கு.

— இடியாப்பம் மாதிரி சுத்திப் போடுங்க மாமி, கருவேப்பிலை நான் கொண்டாறேன்.

— நீ சும்மா இரு.

— அச்சா, அது கொதிக்கட்டும். நான் நெக் பாக்கறேன்... ம்ம். இது சரியில்லையே.

— என்னம்மா சரியில்லை?

— இந்த நீளக் கட்டை இருக்குல்ல, இதுக்குள்ள ஒரு இரும்புக் கம்பி போகுது ஆண்ட்டி. ட்ரஸ் ராட். ஸ்ட்ரிங்ஸ் கட்டையை முன்னாடி இழுக்கும், ராட் பின்னாடி இழுக்கும். ரெண்டும் பராபரா, சமமா இருந்தா நெக் நேரா நிக்கும். இது பின்னாடி வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. இப்படி இருந்தா ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல, இந்தக் குறுக்குப் பட்டியில படுத்துக்கும். எங்க தொட்டாலும் கர்ர்ருன்னுதான் வரும்.

— தந்தியைத் தளர்த்தினேனோன்னோ, அதனால இருக்கும்.

— ஒரு காலைல இவ்வளவு ஆகாது. எண்ணெயும் ராடைத் திருப்பாது. இதோ, இந்த ஓட்டைல பாருங்க, புதுக் கீறல். யாரோ சாவி போட்டு ஒண்ணரை சுத்து டைட் பண்ணியிருக்காங்க. நாங்களே கால் சுத்துக்கு மேல பண்ண பயப்படுவோம்.

— நான்தான் பண்ணினேன்.

— நீங்களா? எதால?

— தையல் மெஷின் திருப்புளியால.

— அது இதுக்குள்ள போகாது ஆண்ட்டி. இது ஆறு மூலைச் சாவி. ஆலன் கீ.

— அப்போ வேற ஏதாவதா இருக்கும். கையில கிடைச்சதை வெச்சுத் திருகினேன். எனக்கென்ன தெரியும், நான் என்ன இன்ஜினீயரிங்கா படிச்சேன்?

— மாமி, எனக்கொண்ணு தோணுதுங்க. உங்கூட்டுப் பட்டாபி மாமாவா இருக்குமோ? பையன் சர்க்கார் உத்யோகத்தை உட்டுட்டுப் பாட்டுக்காரங்களோட சுத்தப் போறான்னு அவுருக்கு வருத்தம்னு, போன வாரம் பால் பூத்துல எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னாராமே.

— மாமாவா? ஆத்துல பல்பு மாத்தறதுக்கே சி.பி.டபிள்யு.டி. சர்க்கார் ரிப்பேர்காராளுக்கு எழுதிப் போட்டுட்டு இருட்டுல உக்காந்திருப்பார். அவரைச் சந்தேகப்படாதே. நான்தான் பண்ணினேன்னு சொல்றேனே, எழுதி வேணா கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?

— ஆண்ட்டி, எனக்கு கன்ஃப்யூஷனா இருக்கு. நீங்க பண்ணினேன்னு சொல்றது எதாலயும் இது கெடலை. கெட்டிருக்கறது எதையும் நீங்க பண்ணியிருக்க முடியாது. கீழாத்து ஆண்ட்டி, நீங்க நேர் கீழதானே, காலைல சத்தம் ஏதாவது கேட்டுச்சா, எப்படி இருந்துச்சு?

— அப்படிக் கேளு கண்ணு! இந்த மாமி ஒரு வார்த்தை கேக்கல. மொதல்ல நல்லா டூம்முனு வந்துச்சு. ஸ்டாண்டு ஆடுச்சு. சித்தெ நேரம் ஒண்ணுமில்ல. மறுக்காவும் வந்துச்சு, கொஞ்சம் மட்டமா. மறுக்காவும் ஒண்ணுமில்ல. கடைசில தகரடப்பால கல்லைப் போட்டு ஆட்டினாப்பல கர்ர்ருன்னு. அத்தோட நின்னுருச்சு.

— ஓஹோ. மத்லப், திருப்பித் திருப்பி வாசிச்சுப் பாத்திருக்காங்க. அப்போ அது வாசிக்கத் தெரிஞ்ச...

— தண்ணி பொங்கறது! ஸ்வப்னா, ஓடிவா, கம்பியைப் போடறதா வேண்டாமா?

— மாமிக்கு என்னவோ ஆயிருச்சு கண்ணு. வெறும் தண்ணி எங்கயாச்சும் பொங்குமா?

— பத்து நிமிஷம் ஆச்சு ஆண்ட்டி, எடுத்துடலாம். பாத்தீங்களா, தண்ணி எப்படிக் கறுப்பாச்சு?

— ஐயே! இது எண்ணெயா, அச்சுதனோட எட்டு மாச வேர்வையா? ரசத்துப் பொடி போட்டாப்பல இருக்குது.

— நல்லாத் துடைச்சுக் காயவெக்கணும். ஹேர் ட்ரையர் இருக்கா? ... டேங்க்யூ ஆண்ட்டி. இப்ப மாட்டி, சுருதி சேர்த்துட்டு, ராடைக் கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணணும். கால் சுத்து. அப்புறம் சாய் குடிக்கணும்.

— சாயா எதுக்கு? அதுவும் ரிப்பேர்ல ஒண்ணா?

— மரம் மெதுவாத்தான் திரும்பும் ஆண்ட்டி. ஒவ்வொரு தடவையும் காத்திருக்கணும். ஜல்தி பண்ணினா உடைஞ்சு போயிடும்.

— நல்ல பொழப்புடா சாமி. கால் சுத்து சுத்தறது, டீ குடிக்கறது. எங்கூட்டுக்காரரு ஆபீஸ் மாதிரியே இருக்குதே.

— ஸ்வப்னா, ஏழு மணிக்குள்ள ஆயிடுமா? அவன் வந்து எடுத்துப் பார்த்தா ஒரு குத்தம் சொல்லப்படாது. கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல இடம் இருக்கப்படாது.

— ஆயிடும். இப்ப ஸ்ட்ரிங் உயரம் பாத்துட்டேன். பன்னண்டாவது ஃப்ரெட்லயும் சுருதி சரியா வருது. ஆம்ப் ஆன் பண்ணட்டுமா?

— இருங்க இருங்க, என்ர டம்ளரு!

— கீழ ஆடறதுக்குக் காரணம் ஆம்ப் நேரா தரைல உக்காந்திருக்கறது ஆண்ட்டி. பழைய ரஜாய், பஞ்சுப் போர்வை இருந்தா நாலா மடிச்சு அடில போடலாம். அவ்வளவுதான், சண்டை முடிஞ்சுது.

— அட, ஒரு ரஜாய்ல தீர்ற விஷயமா? இதுக்கா நான் காலைல இருந்து தொண்டை கிழியக் கத்தினேன்?

— கேளுங்க...

— ஸ்வப்னா. இன்னொரு தரம் வாசி.

— பிடிச்சிருக்கா ஆண்ட்டி?

— காதால கேக்கற மாதிரியே இல்லை. அடிவயத்துல யாரோ கையை வெச்ச மாதிரி இருக்கு. இதை எட்டு மாசமா அவன் ரூமைச் சாத்திண்டு வாசிச்சுண்டிருந்தான். நான் கிரைண்டர்னு நினைச்சுண்டிருந்தேன். நன்னா வாசிக்கறானா அவன்? நீ கேட்டிருக்கியா?

— எங்க கடைல ஒரு தடவை வாசிச்சான். ரொம்ப நல்லா. நான் திரும்பிப் பாத்தேன், உடனே நிறுத்திட்டான்.

— ...அப்படித்தான் அவன். இந்தா, காபி குடிச்சுட்டுப் போ. அம்சவேணி, இங்க நடந்தது எதுவும் அச்சுதன் காதுக்குப் போகப்படாது.

— நானா? ஐயோ மாமி, எனக்கெதுக்குங்க அடுத்தவீட்டுக் கதை? சத்தியமா யாருகிட்டயும் மூச்சு உடமாட்டேன்.

✽

— ஊடே வெறிச்சுன்னு கெடக்குது மாமி. அச்சுதனும் மருமக சுபிக்ஷாவும் ஹைதராபாத் போய்ச் சேந்துட்டாங்களா?

— நேத்தே சேர்ந்தாச்சு. டிரான்ஸ்பர் ஆர்டர் கல்யாணத்துக்கு மறுநாளே வந்துடுத்து. உக்காரு அம்சவேணி.

— மனசுல வெச்சுக்கோங்க மாமி, இந்தக் கல்யாணம் என்னாலதானுங்க. லக்ஷ்மிபாய் நகர்ல அந்த எண்ணெய்க் கதையை நான் சொல்லலீன்னா, சுபிக்ஷாவோட அம்மாவுக்கு உங்க பேரே தெரிஞ்சிருக்காது. கம்பியை வேகவெச்சதைச் சொன்னனா, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சாங்க. "கிட்டாருக்கு எண்ணெய் தடவற மாமியாரா? அப்ப சூதுவாது தெரியாதவங்க, என் பொண்ணு நிம்மதியா இருப்பா"ன்னாங்க. அடுத்த வாரமே ஜாதகம் வந்துருச்சு.

— யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்னியே?

— அவுங்க ஒருத்தருகிட்டத்தானுங்க. அப்புறம் கோயில்ல ரெண்டு பேரு. சரி, அதை உடுங்க. அந்த ஸ்வப்னாப் புள்ளை கச்சேரிக்குப் போன பம்பாய்லயே தங்கீட்டாளாமே? அந்த பேண்டுக்காரங்க அவளையே எடுத்துக்கிட்டாங்களாம்?

— ஆமாம். அவா கேக்கறதா இருந்த அன்னிக்குக் கார்த்தால, பேஸ் எப்படி இருக்குன்னு கேக்கப் போன் பண்ணினா. இவன், "எனக்கு வயிறு சரியில்லை, நீயே எடுத்துண்டு போய் வாசி"ன்னுட்டான். வாசிச்சா. அவா இவளையே சேர்த்துண்டுட்டா. கிட்டாரையும் அவளுக்கே குடுத்துட்டான்.

— அவ்வளவு கஷ்டப்பட்டுச் சரி பண்ணிப்போட்டு, இவன் போகாமப் போயிட்டானே! எனக்கு ஒண்ணுதான் மண்டையக் குடையுது மாமி. அந்த ராடைத் திருகினது யாருதானுங்க?

— அச்சுதன்.

— என்னங்க சொல்றீங்க?

— கார்த்தால ஆறு மணிக்கு. காபியை எடுத்துண்டு போனேன், கதவு லேசாத் திறந்திருந்தது. ஒரு சுத்து திருகறான், வாசிச்சுப் பார்க்கறான். மறுபடியும் திருகறான். கர்ர்ருன்னு வந்தப்புறம்தான் அவன் மூஞ்சியில ஒரு நிம்மதி. காபியை அப்படியே திருப்பி எடுத்துண்டு வந்துட்டேன்.

— அவனோடதை அவனேயா கெடுத்தான்? நாலு பேரு முன்னால வாசிக்கப் பயந்துக்கிட்டா? அப்பறம் எதுக்குங்க அந்தப் புள்ளையக் கூப்ட்டு அவ்வளவு அவசரமாச் சரி பண்ணினீங்க?

— சாக்கு இல்லேன்னா போவானோன்னு பார்த்தேன். போகலை. அதுக்கு மேல ஒரு அம்மா என்ன பண்றது?

— இதையெல்லாம் எங்கிட்டச் சொல்றீங்களே மாமி, நான் வெளிய சொல்லீட்டா?

— சொல்லேன். யாரும் நம்பமாட்டா. எண்ணெய்க் கதை அவ்வளவு நன்னாப் பரவியிருக்கு.

— அட ஆமா, ராடைத் திருகினது அவன்னா, அந்த எண்ணெய் எப்படீங்க வந்துச்சு?

— அது உனக்காகத் தடவினது, அம்சவேணி. நீ படியேறி வர சத்தம் கேட்டுது. ஊர் பூராச் சொல்றதுக்கு உனக்கு ஏதாவது ஒண்ணு வேணுமோன்னோ.