அட்டைக் கட்டின் மேல் ஒரு கோடு

பிள்ளைகளே, அறுபதுகளின் கடைசியில் ஒரு சாரல் நாள், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் பம்பாயில், கம்ப்யூட்டர் என்ற இயந்திரம் செய்ய வேண்டிய கணக்கை, ஓட்டை போட்ட அட்டைகளில் வரி வரியாக எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பவர். மற்றவர் தோளில் துண்டோடு குளிக்கக் கிளம்பிய உள்ளூர்க்காரர்.

"அட்டை கீழ விழுந்ததுக்கா லே ஒருத்தன வேலைய விட்டுத் தூக்குவாங்க?" என்று உள்ளூர்க்காரர் சிரித்தார்.

"சிரிக்காத லே. ஒரு அட்டைக்கு ஒரு வரி. வரிசை கலைஞ்சா மெஷினுக்கு ஒண்ணும் புரியாது. அடுக்குன கட்டோட விளிம்பு மேல பென்சிலால சரிவா ஒரு கோடு இழுத்து வச்சா, கலைஞ்சாலும் கோட்டப் பாத்து அடுக்கிரலாம். எங்க ஆபீஸ்ல புதுசா சேந்த நம்ம சுரண்டைக்காரன் கோடே போடல, இப்ப வேலை போயி ஊருல இருக்கான்."

"நீ சொல்லிக் கொடுத்தியா?"

"இதையும் சொல்லணுமா? இந்த வேலைக்கு வருதவனுக்கு இதுகூடவா தெரியாது? மேனேஜர்ட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பம்பாய்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மொத நாளே பக்கத்து சீட்டுக்காரரு சொன்னாரு. பென்சிலும் அவருதான் தந்தாரு."

"என்னமோ அம்மா வயித்துலயே படிச்சிட்டு வந்த மாதிரி பேசுதியே."

குற்றாலத்தில் பஸ் நின்றது. அருவிச் சத்தம் கேட்டது. உள்ளூர்க்காரர் எழுந்தார், மற்றவர் எழவில்லை.

"எறங்கு லே, தண்ணி நல்லா விழுது."

"நீ குளி. நான் இதே பஸ்ல திரும்பி சுரண்டைக்குப் போறேன்."

"போயி அவன்ட்ட என்ன சொல்லுவ?"

"தெரியல லே. சொல்ல வேண்டிய அன்னைக்குச் சொல்லல."