துருப்பலின் நூற்றுப் பன்னிரண்டு நிமிடங்கள்

தமிழில் இசை என்று உண்மையாகவே நடந்தது மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு நிமிடம். அதற்கு முன்னால் இரண்டாயிரம் வருடம் நடந்ததை நான் குறை சொல்ல மாட்டேன், அது ஒத்திகை. அந்த நூற்றுப் பன்னிரண்டு நிமிடமும் 'துருப்பல்' என்ற மெட்டல் குழு வெளியிட்ட மூன்று ஆல்பங்களில் இருக்கிறது. மூன்றையும் முழுசாகக் கேட்டவர்கள், எனக்குத் தெரிந்து, சிங்கப்பூரில் பதினாறு பேர். சரியாகக் கேட்டவன் ஒருவன். பெயர் ஸ்ரீராம், வயது இருபத்து மூன்று, சுவா சூ காங்கில் அத்தை வீட்டில் தங்கி ஒலிப் பொறியியல் படிக்கிறான். தற்பெருமை பிடிக்காது என்பதால் அவனைப் பற்றி இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த வலைப்பதிவுக்கு மூன்று வாசகர்கள். நாலாவது ஆல்பத்தைப் பற்றி ஏன் ஒன்றுமே எழுதவில்லை என்று அதில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நாலாவது ஆல்பம் இன்னும் வரவில்லை. வராததற்குக் காரணம் நான். எப்படி என்று சொல்கிறேன். ஆனால் முதல் மூன்றைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் என்னைத் தவறாக நினைப்பீர்கள்.

முதலாவது 'ஈரக்கம்பி', முப்பத்து நாலு நிமிடம். தீபாவளிச் சந்தையில், கேம்பல் லேனில், கோலப்பொடிக்கும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்துக்கும் நடுவே ஒரு மடக்கு மேசையில் வைத்து விற்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ரோஷினி அக்கா, குழுவின் டிரம்மர்.

"தம்பி, கேட்டுட்டுத் திருப்பிக் கொண்டாந்தா எடுத்துக்க மாட்டோம் லா," என்றார்.

"ஏன்க்கா?"

"நேத்து ஒருத்தர் கொண்டாந்தாரு, சிடி கெட்டுப்போச்சுன்னு. கெட்டுப்போகல. அதான் பாட்டு."

அட்டைக்குள் இருந்த எண்ணைப் போட்டுப் போனில் இறக்கி, லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினேன். கிதார்க் கம்பிகளைத் தொங்கும் அளவுக்குத் தளர்த்தி விட்டிருந்தார்கள். அவை சுரம் சொல்லவில்லை, கட்டையில் அறைந்தன. உறுமியில் அடியே கிடையாது, தோலைக் குச்சியால் தேய்க்கிற சத்தம் மட்டும். அதன்மேல் பாடகர் யதீசன் அண்ணனின் குரல். வாந்தி வருவதற்கு முன்னால் தொண்டை ஒரு கணம் யோசிக்குமே, அந்த யோசனையைப் பாட்டாக்கியிருந்தார். ஹெட்போனிலிருந்து கசிந்ததைக் கேட்டு என் பக்கத்தில் இருந்த ஆன்ட்டி எழுந்து வேறு பெட்டிக்குப் போனார். நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தேன்.

இரண்டாவது 'பதினேழாம் மாடி'. ஒரே பாட்டு, நாற்பத்தொரு நிமிடம். ஓர் அடுக்குமாடி வீட்டின் குப்பைக் குழாய்க்குள் மைக்கைத் தொங்கவிட்டு, மேலேயிருந்து விழுவதையெல்லாம் பதிவுசெய்து, அதற்குத் தாளம் போட்டிருந்தார்கள். இருபத்து மூன்றாம் நிமிடத்தில் எல்லாம் நின்று, யதீசன் அண்ணன் மூச்சை உள்ளே இழுத்தபடியே நாலு நிமிடம் பாடுகிறார். அந்த நாலு நிமிடத்தைப் பற்றி மட்டும் ஒன்பதாயிரம் சொற்கள் எழுதினேன். மறுநாள் அவரிடமிருந்து செய்தி வந்தது: "யார் லா நீ? எழுதுன நானே இவ்ளோ யோசிக்கல."

பஃபலோ ரோட்டில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். முப்பத்தொரு வயது, மெலிந்த ஆள், சாங்கியில் சரக்கு விமானங்களுக்குப் பெட்டி ஏற்றும் பிரிவில் வேலை. மேடையில் எலும்பை நொறுக்குகிற மாதிரி கத்துகிறவர், கடையில் பாலில்லாத தே ஓ கேட்டதே பக்கத்து மேசைக்குக் கேட்கவில்லை. நான் படிப்பது ஒலிப் பொறியியல் என்றதும், "அப்ப நம்ம சவுண்ட் மிக்ஸர்ல வந்து உக்காரு," என்றார். அன்றிலிருந்து அவர் காதுக்கு என்ன போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவன் நான்.

மூன்றாவது, 'நாலு பேர் சுமந்தது', முப்பத்தேழு நிமிடம். அதைப் பற்றி எழுத மாட்டேன். பதிவுசெய்தவன் நானே என்பதால் நடுநிலை போய்விடும். அதைவிட உயர்ந்த ஒன்று மனிதனால் முடியாது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இந்த மூன்றிலும், கேட்டுவிட்டு நீங்கள் வாய்க்குள் மெட்டாக முனகக்கூடியதாக ஓர் இடம்கூடக் கிடையாது. இது முக்கியம். ஒரு பாட்டை முனக முடிகிறதென்றால் அது உங்களிடம் கெஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். என் அத்தை பாக்கியலட்சுமி முனகிக்கொண்டே வெங்காயம் நறுக்குவார், முனகிக்கொண்டே துணி காயப்போடுவார். பேருந்தில் முனகுபவர்கள், மின்தூக்கியில் முனகுபவர்கள், கோயில் வரிசையில் முனகுபவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். வாயில் எச்சில் ஒழுகுவது தெரியாமல் திரிபவர்களைப் பார்க்கிற மாதிரிதான் எனக்கு இருக்கும். ஒருமுறை வகுப்பில் முன்வரிசையில் ஒரு பெண் முனகினாள். டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினேன். எதற்கு என்று கேட்டாள். வாய்க்கு என்றேன்.

போன வருடம் ஜனவரியில் யதீசன் அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இனியா என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து, நாங்கள் ஞாயிறுதோறும் வாடகைக்கு எடுக்கும் காலாங் ஒத்திகை அறைக்கு அவர் சாதாரண மரக் கிதாரோடு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தாலாட்டுப் பாடினார். கத்தவில்லை. இழுக்கவில்லை. பல்லவி இருந்தது, அது இரண்டு முறை திரும்பியும் வந்தது.

ரோஷினி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ் வாசிக்கும் காதர் மைதீன், "அண்ணே, இத ரேடியோல போடுவாங்க," என்றான். அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

"ஸ்ரீ, நீ சொல்லு. எப்படி?" என்று அண்ணன் கேட்டார்.

"நல்லாருக்கு அண்ணே."

"நாலாவது ஆல்பம் முழுக்க இப்படித்தான்டா. போதும், கத்துனது. அவ பெருசானதும் கேக்கணும்ல."

வீட்டுக்குப் போகிற வழியில் நிதானமாக யோசித்தேன். கோபம் இல்லை. அவர் மேல் தப்பில்லை. குழந்தை மேலும் தப்பில்லை. தப்பு காதில் இருந்தது. வீட்டில் நாள் முழுக்க மெல்லிய சத்தங்களைக் கேட்கிறார், கேட்பதைத்தான் எழுதுகிறார். கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாத ஆள் கத்தரிக்காய் சமைப்பதில்லை. மெல்லிய சத்தம் காதில் விழாத ஆள் மெல்லிய பாட்டு எழுத மாட்டார். இதில் உங்களுக்கு எங்கேயாவது ஓட்டை தெரிந்தால் சொல்லுங்கள். நான் ஒரு வாரம் தேடினேன்.

மேடையிலும் ஒத்திகையிலும் பாடகர் தன் குரலைக் கேட்பது இன்-இயர் வழியாக. காதில் செருகிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி. அளவு மிக்ஸரில் இருப்பவன் கையில். காதுக்கு ஆபத்தான சத்தம் போகாமல் மறிக்க லிமிட்டர் என்று ஒன்று அதில் உண்டு. அடுத்த ஞாயிறு அதை நிறுத்திவைத்தேன். பிறகு அளவை வாரத்துக்கு ஒரு புள்ளி ஏற்றினேன். ஒரு புள்ளி யாருக்கும் தெரியாது. ஒன்பதாவது வாரம் அவராகவே, "கொஞ்சம் ஏத்து லா, சரியா விழல," என்றார். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அவர் கேட்டுக்கொண்டபடிதான். இதை என் தரப்பு நியாயமாகச் சொல்ல முடியும் என்றாலும் சொல்ல மாட்டேன். ஆரம்பித்தது நான்.

ஜூன் மாதம் ஒத்திகை முடிந்து கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார், "கீ...ன்னு ஒரு சத்தம் உனக்குக் கேக்குதா?"

அறை அமைதியாக இருந்தது. "ஏர்கான்தான் அண்ணே," என்றேன்.

"ஓ. ஏர்கானா," என்று நிம்மதியாகத் தலையாட்டினார்.

ஆகஸ்டில் அவர் மனைவி ஆரணி அக்கா என்னைத் தனியாகப் பிடித்தார். "தம்பி, பாப்பா பக்கத்துலயே கெடந்து அழுவுது, இவர் பாட்டுக்குத் தூங்குறாரு. கூப்டா 'ஆங்? ஆங்?'ங்கிறாரு. உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?" வேலைக் களைப்பாக இருக்கும் என்றேன். காது மருத்துவரிடம் போனார்கள். அங்கே எடுத்த வரைபடத்தை அண்ணன் எனக்கும் காட்டினார்: சறுக்குமரம் மாதிரி கோடு இறங்கியிருந்தது. மருத்துவர் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். விமான நிலையம் என்றதும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லையாம். நிறுவனத்தில் அவரை விமானங்களின் அருகே போகாத மேசை வேலைக்கு மாற்றினார்கள். எட்டு வருடம் அங்கே காதுக்கவசத்தை ஒரு நாள்கூடக் கழற்றாத மனிதர்.

ரோஷினி அக்கா மட்டும் ஒரு நாள் மிக்ஸரை எட்டிப் பார்த்தார்.

"ஸ்ரீ, லிமிட்டர் ஏன் ஆஃப்ல இருக்கு?"

"ரிப்பேர் அக்கா. சாமான் ஆர்டர் போட்டிருக்கேன்."

"எப்ப போட்ட?"

"போன வாரம்."

என்னையே பார்த்தார். பிறகு அண்ணனிடம் போய், முகத்துக்கு நேராக நின்று சத்தமாக, "நாம வேற சவுண்ட் ஆள் பாப்போம்," என்றார்.

"விளையாடுறியா? ஸ்ரீ இல்லாட்டி எனக்கு ஒண்ணும் கேக்காது லா," என்று அண்ணன் சிரித்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் தாலாட்டை விடவில்லை. அதுதான் எனக்கு ஏமாற்றம். எழுதுவது நிற்கவில்லை, வேகம்தான் கூடியது. அந்த மாதிரி ஏழு பாட்டுகள் சேர்ந்துவிட்டன. டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, தாலாட்டின் இரண்டாம் சரணத்தில் அவர் கண்ணை மூடியிருந்தார். கருவிகளைச் சோதிப்பதற்கென்று மிக்ஸரிலேயே ஓர் ஒலி இருக்கிறது. ஒரே சுரம், ஊசி மாதிரி நேராகப் போகும். அதை முழு அளவில் அவர் காதுக்கு மட்டும் அனுப்பினேன். அறையில் வேறு யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று எண்ணினேன். இரண்டுக்கே அவர் முழங்காலில் விழுந்துவிட்டார், மூன்றில்தான் இன்-இயரைப் பிடுங்க முடிந்தது.

"கை தவறிடுச்சு அண்ணே," என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே, "பரவால்ல, பரவால்ல," என்றார். என்னைத் தேற்றுகிற மாதிரி முதுகைத் தட்டினார்.

இடது காது அன்றோடு போயிற்று. வலதில் கனத்த ஒலிகள் கொஞ்சம் கேட்கின்றன. அதுவும் நிலைக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். செய்தது நான். தெரிந்து செய்தேன், பதினொரு மாதம் செய்தேன். இந்தப் பதிவின் மூன்று வாசகர்களில் ஒருவர் யதீசன் அண்ணன். அவரும் இதைப் படிப்பார். படிப்பதற்குக் காது தேவையில்லை.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. 'நாலு பேர் சுமந்தது' ஆல்பத்துக்குப் பிறகு தாலாட்டு வெளியிட்ட குழு என்று துருப்பல் பெயர் எடுக்காமல் காப்பாற்றியிருக்கிறேன். அந்தப் பதினாறு பேரில் யாராவது ஒருவர் என்றாவது நன்றி சொல்வார். வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது, அது போன ஞாயிறு.

அறைக்கு அண்ணன் மட்டும் வந்தார். மற்ற ஆறு பாட்டையும் விட்டுவிட்டேன் என்றார். தாலாட்டை மட்டும் எப்படியாவது பதிந்துவிட வேண்டும், வலது காது இருக்கும்போதே. ஆனால் மெட்டு நழுவுகிறது.

"பாடுனா, வெளியே ஒரு சுரம் வருது, காதுக்குள்ள வேற கேக்குது. எது சரின்னு தெரியல ஸ்ரீ. காகிதத்துலயும் எழுதி வைக்கல. போன்ல எடுத்தது கேட்டா அதுவும் வேறயா கேக்குது." குரல் தேவைக்கு மேல் உரத்திருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. "நீ எல்லா ஒத்திகையும் கேட்டவன்ல. நீ சொல்லிக் குடு."

"எனக்கு அந்தப் பாட்டு வராது அண்ணே," என்றேன்.

என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சிரித்தார். "பாட வேணாம். சும்மா முனகு லா. நான் புடிச்சுக்கறேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்தார். எலும்பு வழியாகச் சுரம் அதிருமாம். அது பொய் சொல்லாதாம்.

எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஒரே ஓர் இடத்தில் சுரத்தை மாற்றி முனகினால் போதும். அவர் அதையே சரி என்று எடுத்துக்கொள்வார், அப்படியே பதிவார், கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், பாட்டு அத்தோடு ஒழியும். எந்த இடம் என்றுகூட முடிவுசெய்தேன்: பல்லவி இரண்டாம் முறை வருகிறபோது, குழந்தையின் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன வளைவு வரும், அங்கே.

வாயை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். பல்லவி போயிற்று. முதல் சரணம் போயிற்று. அவருடைய உதடுகள் என் நெஞ்சோடு சேர்ந்து அசைந்தன. இரண்டாம் பல்லவி வந்தது. அந்த வளைவு வந்தது. அதை அவர் முதல் நாள் எப்படிப் பாடினாரோ அப்படியே, அரை மாத்திரை தயங்கி, மேலே தொட்டு, இறக்கினேன். இரண்டாம் சரணமும் முடிந்தது.

அண்ணன் கையை எடுத்துக்கொண்டு, "பிடிச்சிட்டேன், போதும்," என்றார். கிதாரை எடுக்க எழுந்து போனார்.

நான் பழையபடி முதலிலிருந்து முனக ஆரம்பித்திருந்தேன்.