ராம்குமார் ஒதுக்கி வைத்த இடம்

இராமநாதபுரம் நீதித்துறை நடுவர் முன்பு சாட்சி அளித்த வாக்குமூலம்

பெயர்: சூஃபியா. வயது: 39. கணவர் பெயர்: முஸ்அப். தொழில்: கணினி நிர்வாகி, நாட்டுப்படகு மீனவர் கூட்டுறவுக் கண்காணிப்பு நிலையம். முகவரி: பள்ளிவாசல் தெரு, மண்டபம்.

சாட்சி அல்லாஹ்வின் மீது ஆணையிட்டு உண்மை சொல்வதாக உறுதி கூறினார். காவல்துறையினர் எவரும் அறையில் இல்லை என்பதும், யாருடைய கட்டாயத்திற்காகவும் பேச வேண்டியதில்லை என்பதும் அவருக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. தாமே மனுப் போட்டு வந்திருப்பதாகச் சாட்சி கூறினார்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மாமியாருடன் வசித்து வருகிறேன். என் கணவர் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். மேற்படி நிலையத்தில் அது தொடங்கப்பட்டதிலிருந்து வேலை பார்க்கிறேன். கடலுக்குப் போகும் நாட்டுப்படகுகளில் ஒரு சிறு கருவி பொருத்தியிருக்கிறோம். மீனவர்கள் அதைப் பெட்டி என்பார்கள். படகு எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பெட்டி அவ்வப்போது எங்கள் கணினிக்கு அனுப்பும். ஆபத்து என்றால் அழுத்துவதற்கு அதில் ஒரு பொத்தானும் உண்டு.

நிலையம் தொடங்கியபோது நாங்கள் மூன்று பேர்தான். நான், ஆர்.எஸ்.மங்கலத்தைச் சேர்ந்த ராம்குமார், வயர்லெஸ்ஸில் படகுகளோடு பேசும் பாக்கர். ராம்குமார் என்னைவிட இளையவர், என்னை அக்கா என்றே கூப்பிடுவார். பாக்கர் எங்கள் இருவருக்கும் மூத்தவர். ஐஸ் கம்பெனிக்கு மேலே இருந்த ஓர் அறையையும், வயர்லெஸ்ஸுக்காக அதை ஒட்டிய ஒரு சிறு அறையையும் எங்களுக்குக் கொடுத்தார்கள். கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடினால் மேசை அதிரும். அப்போது பழைய பாலத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அது பாலத்தில் ஏறும் முன் மெதுவாகும் சத்தம் கேட்டால் ராம்குமார் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவார். வயல்காட்டு ஊரில் பிறந்தவர், கடலுக்கு மேலே ரயில் போவது அவருக்கு அலுக்கவே இல்லை. "அக்கா, ஒரு நிமிசம் வாங்களேன்" என்று தினமும் கூப்பிடுவார். நானும் தினமும் போய்ப் பார்ப்பேன்.

கணினி பழையது. மொத்த நினைவகமே நான்கு ஜிபி. அதிலிருந்து 128 எம்பியைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ராம்குமார் சொன்னார். அதன் பிறகு, நிலையத்தை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் பாண்டித்துரை எங்களை அழைத்து, இருக்கிறதே கொஞ்சம், அதையும் ஏன் முடக்க வேண்டும் என்று விசாரித்தார். அப்போது ராம்குமார் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சார், எந்த சிஸ்டமும் ஒரு நா விழத்தான் செய்யும். மெமரி பூராத்தையும் ஓடுற கெர்னலுக்கே, அதான் கம்ப்யூட்டரை ஓட்டுற மூலப் புரோகிராமுக்கே குடுத்திட்டா, அது விழுறப்ப என்ன நடந்துச்சுன்னு எழுதி வைக்க அங்கன ஆள் இருக்காது. விழுந்ததுக்கப்புறம் இடம் தேடவும் முடியாது, எது கெட்டுப்போயிருக்கு எது நல்லாருக்குன்னே தெரியாது. அதான் கம்ப்யூட்டரை ஆன் பண்றப்பவே கொஞ்சம் இடத்தை ஒதுக்கி, சின்னதா இன்னொரு கெர்னலை அதுல வச்சிருவோம். மெயின் கெர்னல் அந்த இடத்தைத் தொடவே தொடாது. அது விழுந்துச்சுன்னா இது எந்திரிச்சு, மெமரியில இருந்ததெல்லாம் அப்படியே எழுதி வச்சிட்டு, சிஸ்டத்தைத் திரும்ப ஓட விட்டுரும்."

செயலாளர், "தூங்குறவனுக்கு எதுக்குப்பா தனி ரூமு?" என்று கேட்டார். பாக்கர் சிரித்துவிட்டார். பிறகு செயலாளரும் சிரித்துச் சம்மதித்தார்.

அதன் பிறகு நாங்கள் அதைச் சோதித்தோம். சோதிப்பதென்றால் நன்றாக ஓடும் கணினியை நாங்களே ஒரு கட்டளை கொடுத்து விழ வைக்க வேண்டும். படகுகள் எல்லாம் கரைக்கு வந்த ஒரு வெள்ளிக்கிழமை பகலில் ராம்குமார் அந்தக் கட்டளையைத் தட்டினார். திரை இருண்டது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. ஒதுக்கிய இடம் போதாமல் இரண்டாவது கெர்னலே எழ முடியாமல் போயிருந்தது. ராம்குமார் முகம் வாடிவிட்டது. பாக்கர் அவர் தோளைத் தட்டி, "ஏலே தம்பி, அதுக்கும் கை கால நீட்ட எடம் வேணும்ல, கூட்டிக் குடு" என்றார். ஒதுக்கீட்டை 256 எம்பியாக உயர்த்தி மறுபடி விழ வைத்தோம். இம்முறை திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. எவ்வளவு எழுதியாகிவிட்டது என்று சதவீதம் ஏறிக்கொண்டே போனது. பாக்கர் அறையில் இருந்த இன்னொரு கணினியில் போய் அந்தக் கோப்பு சேர்ந்தது. நினைவகத்தில் இருந்தது எதையும் விட்டுவிடாமல் முழுவதும் எழுதும்படி ராம்குமார் அமைத்திருந்தார். வழக்கமாகப் பாதியைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். அன்று பாக்கர் கீழே போய் மூன்று பேருக்கும் பருத்திப்பால் வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் நாங்கள் எதற்கெடுத்தாலும் பருத்திப்பால் குடித்தோம். அதன் பிறகு கெர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கணினியை நாங்களே விழ வைத்துப் பார்ப்போம்.

பின்னர் சங்கத்திற்கு வருகிற விருந்தினர்கள் பார்ப்பதற்காகப் பெரிய திரையில் கடல் வரைபடம் போட்டார்கள். வரைபடம் மெதுவாக நகர்ந்தது. ஒதுக்கிய நினைவகத்தைத் திரும்பக் கொடுத்தால் வேகமாகும் என்று யாரோ செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ராம்குமாருக்கும் அவருக்கும் பேச்சு முற்றியது. அந்த ஆண்டு ராம்குமாரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் போன பிறகு அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிடும்படி செயலாளர் என்னிடம் சொன்னார். பார்க்கிறேன் என்றேன். எடுக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று நடுவர் கேட்டதற்கு: அது அவசியம் என்று எனக்குத் தெரியும். அது தவிர, கணினி எழும்போது திரையில் ஓடும் வரிகளில், இவ்வளவு நினைவகம் ஒதுக்கப்பட்டது என்று ஒரு வரி வரும். அந்த வரி வரும்போது அறையில் மூன்று பேர் இருப்பது போல் தோன்றும். பழைய பாலத்தில் ரயில் நின்றுபோய், ஐஸ் கம்பெனியும் மூடி, அந்த அறையில் பழையபடி இருந்தது அது ஒன்றுதான்.

சம்பவத்தன்று ராம்குமார் அனுபவச் சான்றிதழ் கேட்டு அலுவலகத்திற்கு வந்தார். மஸ்கட்டில் ஒரு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். செயலாளர் இப்போது முடியாது என்று சொல்ல, இருவரும் சத்தமாகப் பேசியது எனக்குக் கேட்டது. அதன் பிறகு ராம்குமார் எங்கள் அறைக்கு வந்து, பழைய நாற்காலியில் உட்கார்ந்து, "அக்கா, போறதுக்கு முன்னாடி பார்த்திட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். லுஹர் நேரம் ஆனதால், தொழுதுவிட்டு வருகிறேன், இருங்கள் என்று சொல்லிப் பக்கத்து அறைக்குப் போனேன். பாக்கர் வயர்லெஸ் அறையில் இருந்தார். ஆகவே கணினி இருந்த அறையில் அப்போது ராம்குமார் மட்டுமே இருந்தார் என்பது உண்மை.

தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கும்போது சத்தம் கேட்டது. நான் போனபோது வரைபடத் திரை இருண்டிருந்தது. செயலாளர் கணினியை அணைத்துப் போடுவதற்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். ராம்குமார் கணினிக்கு முன்னால் குறுக்கே நின்று அவர் கையைப் பிடித்திருந்தார்.

"சார், தொடாதீங்க. கொஞ்ச நேரம். அது எழுதிக்கிட்டிருக்கு."

"நீ என்ன பண்ணி வச்ச? கையை எடு."

"நான் ஒண்ணும் பண்ணல சார். தானா விழுந்துச்சு. இப்ப அமத்தினீங்கன்னா எல்லாம் போயிரும். அக்கா, நீங்க சொல்லுங்க."

நான் கணினியின் சின்னத் திரையைப் பார்த்தேன். சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. "சார், அவர் சொல்றது சரிதான், விட்ருங்க" என்றேன். எழுதி முடித்துக் கணினி தானாகத் திரும்ப எழும்வரை ராம்குமார் அங்கிருந்து நகரவில்லை. செயலாளரின் புகாரில், ராம்குமார் கணினியை வேண்டுமென்றே விழ வைத்தார் என்றும், அந்தக் குற்றத்தை மறைக்கவே தடுத்தார் என்றும் சொல்லப்பட்டிருப்பது இந்தச் சம்பவத்தைத்தான். அதன் பிறகு போலீசார் வந்து ராம்குமாரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது அவர் என்னிடம், "படகெல்லாம் திரும்ப வந்திருச்சான்னு பாருங்கக்கா" என்றார். திரையில் வந்துவிட்டதா என்ற அர்த்தத்தில் சொன்னார்.

நான் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியாக மறுபடி செய்தி அனுப்ப, படகுகள் திரையில் வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அது அக்காள்மடத்தைச் சேர்ந்த முனியசாமியின் வல்லம். அவரும் அவர் மச்சினன் சின்னக்கருப்பனும் தென்கடலுக்குப் போயிருந்தார்கள். கணினியின் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், பதிவாகியிருந்த கடைசி இடம் காலையில் முயல் தீவுக்குப் பக்கத்தில். அதற்குப் பிறகு எந்தப் படகுக்குமே பதிவு இல்லை. பாக்கர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டும் பதில் இல்லை. எனவே தேடப் போன படகுகளை முயல் தீவைச் சுற்றிப் பார்க்கும்படி அனுப்பினார்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலமாக இருந்தது.

அதன் பிறகு முனியசாமியின் மனைவி வீரலட்சுமி வந்தார். அழவில்லை. திரைக்கு முன்னால் வந்து நின்று, "இதுல எது எங்க வல்லம், காட்டுங்க" என்று கேட்டார். எனக்குக் காட்ட ஒன்றுமில்லை. அவர் கையில் முனியசாமிக்குக் கொண்டு வந்த தூக்குச்சட்டி இருந்தது. கரையில் கொடுப்பதற்காகக் கொண்டு வந்தது என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து வட்டில் எதுவும் பதியவில்லை என்றால், பெட்டிகள் அனுப்பிய செய்திகள் வட்டுக்குப் போக வழியில்லாமல் நினைவகத்திலேயே தேங்கியிருக்க வேண்டும். கணினி விழுந்தால் நினைவகத்தில் இருப்பது போய்விடும். ஆனால் இது போகவில்லை, ராம்குமார் முழுவதையும் எழுத விட்டிருந்தார். நான் பாக்கர் அறைக் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து முனியசாமியின் பெட்டி எண்ணைத் தேடினேன். வரிசையாகச் செய்திகள் வந்தன. முயல் தீவில் இருந்த வல்லம் கிழக்கே கிழக்கே போயிருந்தது. கடைசிச் செய்தி தனுஷ்கோடிக்குத் தெற்கே நடுக்கடலில் இருந்து வந்திருந்தது. அதில் ஆபத்துப் பொத்தானின் குறி இருந்தது. கணினி விழுவதற்குச் சில நொடிகள் முன்னால் வந்த செய்தி அது; திரையில் காட்டும் முன்பே திரை இருண்டுவிட்டது.

நான் இடத்தை வாசித்தேன், பாக்கர் வயர்லெஸ்ஸில் சொன்னார்.  தேடும் படகுகள் திரும்பிக் கிழக்கே போயின. கடலோரக் காவல்படைக்கும் சொன்னோம். பொழுது இறங்குவதற்குள் அவர்கள் கவிழ்ந்த வல்லத்தைக் கண்டார்கள். இருவரும் அதன் மேல் கிடந்தார்கள். சின்னக்கருப்பனுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. பாக்கர் வயர்லெஸ்ஸின் ஒலியைக் கூட்டி வைத்தார். மீட்ட படகிலிருந்து முனியசாமியின் குரல் வந்தது. "வீரலட்சுமி அங்கன இருக்காளா?" என்று கேட்டார். வீரலட்சுமி, "இங்கனதான் நிக்கிறேன்" என்றார். 

மறுநாள், கணினி ஏன் விழுந்தது என்று அதே கோப்பில் பார்த்தேன். கணினியை வேண்டுமென்றே விழ வைக்க முடியுமா என்று நடுவர் கேட்டதற்கு: முடியும். நாங்களே பலமுறை செய்திருக்கிறோம். அப்படிச் செய்தால் எந்தக் கட்டளையால் விழுந்தது என்று கோப்பில் அடையாளம் இருக்கும். அதை நான் எங்கே பார்த்தாலும் கண்டுகொள்வேன். இந்தக் கோப்பில் அது இல்லை. சென்ற மாதம் வட்டுக்காகப் புதிதாகப் பொருத்திய ஒரு கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள், நினைவகத்தில் இல்லாத ஒரு முகவரியைப் படிக்கப் போனதால் கெர்னல் விழுந்திருக்கிறது. காலையிலிருந்து வட்டில் பதியாமல் போனதற்கும் அதுவே காரணம். அப்போது விசைப்பலகையிலிருந்து யாரும் உள்ளே நுழைந்திருக்கவில்லை. ராம்குமார் எதையும் தட்டவில்லை.

அந்தக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கலாம் அல்லவா என்று நடுவர் கேட்டதற்கு: முதலில் ஒரு பிரதி எடுத்துப் பாக்கர் முன்னிலையில் முத்திரையிட்டுப் போலீசாரிடம் ஒப்படைத்தேன். நான் பார்த்தது இன்னொரு பிரதி. இரண்டையும் விவரம் தெரிந்த எவரிடமும் கொடுத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். செயலாளர் பாண்டித்துரை மீது எனக்குக் கோபம் இல்லை. இருண்ட திரையையும் கையைப் பிடித்த ஆளையும் பார்த்தவர் அப்படித்தான் நினைப்பார். முனியசாமி கரைக்கு வந்த அன்று அவர் படகுத்துறையில் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். ஆனால் புகாரை அவர் இன்னும் திரும்பப் பெறவில்லை.

ராம்குமாரை அன்று இரவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனினும் புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பாஸ்போர்ட்டுக்கான காவல்துறைச் சரிபார்ப்பு நிற்கிறது. மஸ்கட்டில் வேலை கொடுப்பவர்கள் நீண்ட நாள் காத்திருக்க மாட்டார்கள். ஆகையால்தான் யாரும் அழைக்காமல் நானே இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க வந்தேன். அவருக்கும் எனக்கும் உறவு முறையோ வேறு தொடர்போ இல்லை, ஒரே அறையில் வேலை பார்த்தோம். இங்கேயே இருந்தால் சங்கம் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று பாக்கர் நினைக்கிறார். எனக்கும் அந்த ஆசை உண்டு. புகார் நீங்கினால் அவர் போய்விடுவார், பிறகு அந்த அறைக்கு வரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

நான் கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் மட்டுமே சொன்னேன். எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் படித்தேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) மு. சூஃபியா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
நீதித்துறை நடுவர், இராமநாதபுரம்