பதினாறாவது பெட்டி

விளக்கைப் போட வேண்டாம். மழை விடும்வரை யாரும் வீட்டுக்குப் போகப் போவதில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டாம், காலிலேயே இருக்கட்டும்... ஏன் என்று பிறகு தெரியும்.

இது நம்ம அபுதாஹிரின் மச்சான் கண்ணால் பார்த்த சங்கதி. இதோ உட்கார்ந்திருக்கிறான் அபுதாஹிர். எங்கேயாவது பொய் வந்தால் அவனே நிறுத்தட்டும்.

எண்பத்தாறாம் வருஷம். ஆகஸ்ட் மாதம். பம்பாயில் ராத்திரி ஒன்றே முக்கால் மணி. செம்பூரிலிருந்து குர்லா வந்து, அங்கே கடைசி லோக்கலைப் பிடித்து, சயானில் இறங்கி, தாராவியைப் பார்த்து ஒரு ஆள் தனியாக நடந்து வருகிறார். மழை விட்டிருந்தது. ரோட்டில் ஒரு டாக்சிகூட இல்லை. சாக்கடை நிரம்பி ஓடுகிற சத்தம்... அவருடைய ரப்பர் செருப்பு சளக் சளக்கென்று அடிக்கிற சத்தம்... வேறொன்றும் இல்லை.

அவர் பெயர் ஆபிரகாம். நாசரேத்துக்காரர். தாராவியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். எரிந்துபோன ஃபேன், பம்பு மோட்டார் எல்லாவற்றுக்கும் செம்புக்கம்பி சுற்றி மறுபடி ஓட வைக்கிற வேலை. அன்றைக்கு அவர் கையில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி அதை மாரோடு அணைத்திருந்தார். உள்ளே பதினைந்து ரயில் பெட்டிகள். ஜப்பானின் புல்லட் ரயில், பொம்மையாக. வெள்ளை உடம்பு, நீலப் பட்டை. ஒரு பெட்டி சாண் நீளம்கூட வராது. ஆனால் ஜன்னல், சீட், கூரைமேல் கரண்ட் எடுக்கிற கம்பி, எதுவும் குறையில்லை.

திடீரென்று டின்னுக்குள் சத்தம் கேட்டது. கிர்ர்ர்... சக்கரம் தண்டவாளத்தில் உருளுகிற சத்தம்.

ஒவ்வொரு பெட்டியையும் ஜப்பான் பேப்பரில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தது. அசைய இடமே கிடையாது. ஆபிரகாம் நின்றார். சத்தமும் நின்றது. நடந்தார். கிர்ர்ர்...

மனுஷன் பயந்தாரா? இல்லை. அவருக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். நாலு வருஷமாக ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதைச் சொன்னால் உங்களுக்கே வயிறு எரியும்.

அந்த ரயில் மரியஅந்தோணி என்பவருடையது. குடும்பம் செம்பூரில். அவருக்குக் கப்பலில் சமையல் வேலை. கப்பல் ஜப்பானுக்குப் போகும்போதெல்லாம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பெட்டி, கையில் தாராளமாக இருந்தால் இரண்டு பெட்டி வாங்கி வருவார். முதல் தடவை ரயிலோடு வந்த, கரண்டைக் குறைத்துத் தண்டவாளத்துக்கு அனுப்புகிற கன்ட்ரோலரை அப்படியே செம்பூர் வீட்டு ப்ளக்கில் செருகினார். ஜப்பானில் கரண்ட் நூறு வோல்ட். நம்மூரில் இருநூற்று முப்பது. டப்... வீடெல்லாம் புகை. கருகினதைத் தூக்கிக்கொண்டு ஆள் ஆளாக விசாரித்து வந்து சேர்ந்த இடம்தான் ஆபிரகாமின் கடை.

ஆபிரகாம் புதிதாக ஒரு கன்ட்ரோலர் செய்து கொடுத்தார். தண்டவாளத்துக்குப் போவது வெறும் பன்னிரண்டு வோல்ட். கடையின் பின்னறையில் பெரிய ப்ளைவுட் பலகை போட்டு, தண்டவாளம் பதித்து, ஒரு ஸ்டேஷன் கட்டி, சாக்குத்துணியில் ஒரு மலை செய்து, அதில் ஒரு குகையும் குடைந்தார். குமிழைத் திருப்பினால் ரயில் மெதுவாக நகரும்... பிறகு வேகம் பிடிக்கும்... குகைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெள்ளை விளக்கோடு வெளியே பாயும். மரியஅந்தோணி கரையில் இருக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாது. ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் கெட்டார்கள், அப்படி உட்கார்ந்து விளையாடுவார்கள்.

மரியஅந்தோணிக்குக் கரண்ட் என்றால் நடுக்கம். கப்பலில் ஒருத்தன் ஷாக்கடித்துச் செத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஆபிரகாம்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"உள்ளங்கையால எதையும் தொடாதிய அண்ணே. கரண்ட் இருந்தா கை தானா மூடிக்கிடும், விடாது. புறங்கையால தொடுங்க. அடிச்சாலும் கை உதறிக்கிட்டு வந்துரும்."

அன்றிலிருந்து மரியஅந்தோணி அந்தப் பன்னிரண்டு வோல்ட் தண்டவாளத்தைக்கூடப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை ஏற்றுவார். ஆபிரகாமுக்குப் புறங்கை தேவையில்லை. அவர் சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் இருக்கும். முனையை வைத்து, தலையில் கட்டைவிரலை வைத்தால், கரண்ட் உள்ள இடத்தில் பிடிக்குள் சின்ன சிவப்பு விளக்கு எரியுமே, அதுதான். அதன் பிடியில் 'ஆ' என்று கீறி வைத்திருந்தார். தூங்கும்போதுகூட அது பையில்தான் இருக்கும் என்று கடைத் தெருவில் கேலி செய்வார்கள்.

இப்படி நாலு வருஷத்தில் பதினைந்து பெட்டி சேர்ந்தது. கடைசிப் பெட்டி மட்டும் பாக்கி. பின்பக்கம் மூக்கு வைத்து, சிவப்பு விளக்கு எரிகிற வால்பெட்டி. அது இல்லாமல் ரயில் வால் அறுந்த பல்லி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்தாறு ஜூலையில் மரியஅந்தோணி அதையும் கொண்டுவந்து சேர்த்தார். வந்த அன்றைக்கே சொன்னார்.

"தம்பி, மாட்டுங்காவுல ஒரு சேட்டு கேக்காரு. முழு செட்டா இருந்தாத்தான் எடுப்பாராம். குடுத்துரலாம்னு இருக்கேன். பிள்ளைக்குக் கல்யாணம் வச்சாச்சுல்லா."

"சரிண்ணே" என்றார் ஆபிரகாம். உள்ளே கொதித்தது. பலகை யார் போட்டது? மலை யார் செய்தது? கருகிக் கிடந்ததை ஓட வைத்தது யார்? தன்னை ஒரு வார்த்தை கேட்டாரா இவர்? ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"பதினாறும் ஓடுறத ஒரு தடவ கண்ணால பாத்துட்டுக் குடுப்போம். ஞாயித்துக்கெழம வாங்க" என்றார்.

சனிக்கிழமை ராத்திரி கன்ட்ரோலரைத் திறந்தார். உள்ளே ஒரு கம்பியை இடம் மாற்றினார். ஒரே ஒரு கம்பி. ரயில் வழக்கம்போல ஓடும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது... தொட்டால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மரியஅந்தோணி வந்தார். வாசலிலேயே ஆபிரகாம் சொன்னார்: "செருப்ப வெளிய விட்டுட்டு வாங்கண்ணே. இப்பதான் தரை கழுவுனேன்." சிமெண்டுத் தரை சொதசொதவென்று ஈரமாக இருந்தது. ஆபிரகாமின் காலில் மட்டும் ரப்பர் செருப்பு. மரியஅந்தோணி வால்பெட்டியை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது புறங்கையைத் தண்டவாளத்துக்குக் கொண்டுபோனார்.

ஆபிரகாம் சிரித்தார். "பன்னெண்டு வோல்ட்டுதான அண்ணே. எறும்புகூட சாவாது. இன்னுமா பயம்?"

மரியஅந்தோணிக்கு வெட்கமாகிவிட்டது. அவரும் சிரித்தார். கையைத் திருப்பி, உள்ளங்கையால் தொட்டார்...

வந்து பார்த்த டாக்டர் மாரடைப்பு என்றார். அதற்குள் கம்பி பழைய இடத்துக்குப் போயிருந்தது. இறந்தவரின் இடது கையிலிருந்து வால்பெட்டியை எடுக்க எத்தனையோ பேர் முயன்றார்கள். விரல் விரியவில்லை. அவர் மனைவி ஏஞ்சலம்மாள், "விடுங்க, அது அவியளோடயே போவட்டும்" என்றாள். அப்படியே சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். வால்பெட்டி இல்லாத செட்டு எனக்கு வேண்டாம் என்று சேட்டு கைவிரித்துவிட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்த ராத்திரி, ஏஞ்சலம்மாள் மீதிப் பதினைந்தையும் டின்னில் போட்டு ஆபிரகாமிடம் நீட்டினாள்.

"அவியளுக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி இருந்திய தம்பி. நீங்களே வச்சிக்கிடுங்க. எனக்கு இதப் பாக்க முடியல."

"சரி மைனி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார், பாவி. அந்த டின்னோடுதான் சயான் ரோட்டில் நடந்து வந்தார்.

வந்ததும் கதவைத் தாழிட்டு, பதினைந்தையும் தண்டவாளத்தில் ஏற்றிக் குமிழைத் திருப்பினார். ரயில் ஓடியது. ஒரு சுற்று... இரண்டு சுற்று... ஆறாவது சுற்றில் குகையை விட்டு வெளியே வந்தபோது, கடைசியில் ஒரு சிவப்பு விளக்கு. சட்டென்று நிறுத்தினார். எண்ணினார். பதினைந்துதான். ஆனால் அறைக்குள் ஒரு வாடை வந்திருந்தது. ஈர மண்ணும் அணைந்த மெழுகுவர்த்தியும் கலந்த வாடை.

அடுத்த ராத்திரி ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் படுத்தார். விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில்... கிர்ர்ர். எழுந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. விடியும்வரை அது சுற்றிக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தால் தண்டவாளம் நெடுகச் சேறு, மெல்லிய கோடாக.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆபிரகாம் பக்கத்துத் தோல் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் ஜெயினுலாப்தீன், அதாவது அபுதாஹிரின் மச்சான். ரெண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். போன மனுஷன் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். கம்பி, கழுவின தரை, செருப்பு, சிரிப்பு, எல்லாம்.

ஜெயினுலாப்தீன் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "என்ன காரியம்ப்பா செஞ்சிருக்க. இன்னிக்கே அந்த டின்னக் கொண்டு போய் அந்தம்மாட்ட குடு. கால்ல விழுந்து உண்மையச் சொல்லு."

"குடுக்க மாட்டேன் பாய்" என்றார் ஆபிரகாம். "அது எனக்குள்ளது."

அன்றைக்கு ராத்திரி நல்ல மழை. பதினோரு மணிக்குத் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஆபிரகாம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். ப்ளக் கீழே கிடந்தது. முதலில் அந்த வாடை வந்தது. பிறகு... கிர்ர்ர். இரண்டு வெள்ளை விளக்குகள் குகையிலிருந்து வந்தன. பின்னால் ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம். ரயில் வேகம் குறைந்து, ஸ்டேஷனில் அவருக்கு முன்னால் வந்து நின்றது. எண்ணினார். பதினாறு. சிவப்பு விளக்கு எரிய, வால்பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. முழு செட்டு.

ஓடியிருக்கலாம். கதவு நாலு அடியில்தான் இருந்தது. ஆனால் கை ஆசைப்பட்டதே... வழக்கம்போல டெஸ்டருக்காகச் சட்டைப் பையைத் தொட்டார். பை காலி. அப்போதுதான் காலில் ஈரம் பட்டது. செருப்பு இல்லை. எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. சரி, புறங்கையால் தொட்டுப் பார்ப்போம் என்று மெதுவாகத் தண்டவாளத்துக்குக் கையைக் கொண்டுபோனார்.

தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஜெயினுலாப்தீன் விழித்துத்தான் கிடந்தார். அவர் காதில் விழுந்தது ஆபிரகாமின் குரல் அல்ல.

"பன்னெண்டு வோல்ட்டுதானலே..."

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

விடிந்ததும் நாலு பேராகச் சேர்ந்து கதவை உடைத்தார்கள். உள்தாழ் போட்டிருந்தது. ஆபிரகாமின் ரப்பர் செருப்பு மட்டும் கதவுக்கு வெளியே, ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. உள்ளே அவர் மண்டியிட்டபடி செத்துக் கிடந்தார். வலது கை தண்டவாளத்தை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கையின் மேல்புறம் கருநீலமாக நாலு விரல் தடம்... யாரோ மேலிருந்து அழுத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்ட மாதிரி. தெருவுக்குக் கரண்ட் திரும்ப வந்தது அன்றைக்கு மத்தியானம்தான்.

தண்டவாளத்தில் பதினாறு பெட்டிகள் நின்றன.

ஜெயினுலாப்தீன் எல்லாவற்றையும் டின்னில் வைத்துச் செம்பூருக்குக் கொண்டுபோனார். ஆபிரகாம் சொன்னதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏஞ்சலம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினாள். கடைசிப் பெட்டியை முகர்ந்து பார்த்தாள். வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். பிறகு, "சேட்டுக்கு ஆள் அனுப்புங்க பாய்" என்றாள். கார்த்திகை முடிவதற்குள் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

பம்பாயில் கல்லறைக்கு இடம் கிடையாது. இரண்டு வருஷம் ஆனால் குழியைத் திறந்து, எலும்பை எடுத்துச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்கு இடம் விடுவார்கள். எண்பத்தெட்டில் மரியஅந்தோணியின் முறை வந்தது. ஏஞ்சலம்மாள் துணைக்கு ஜெயினுலாப்தீனையும் கூட்டிக்கொண்டு போனாள். குழிவெட்டி மண்ணை வாரி, மக்கிப்போன பலகையைத் தூக்கினான். இடது கை எலும்பில் ஒன்றும் இல்லை. வலது கையில் ஏதோ இருந்தது. அவன் துணியால் துடைத்துக் காட்டினான். ஒரு டெஸ்டர். பிடியில் 'ஆ' என்று கீறல்.

அதன் தலையில் கட்டைவிரல் எலும்பு இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. உள்ளே அந்தச் சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.